மாத்திரையை நிறுத்திய 12-ஆம் நாள்

கேள்வி:

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) வேலை செய்கிறேன். வயது 41. அம்மா தவறிய பிறகு தூக்கம் போய், வேலையில் கணக்கு தப்பி, கடைசியில் கிளினிக்கில் எஸ்சிட்டலோபிராம் என்ற மன அழுத்த மாத்திரை 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். நன்றாகிவிட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க 48 நாள் விரதம் தொடங்கினேன். உடம்பு சுத்தமாக இருக்கட்டும் என்று மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாளிலிருந்து தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி 'சர்க்' என்று ஓடுகிறது. தலைசுற்றல், குமட்டல், விடிய விடியக் கெட்ட கனவு. டிவியில் பால் மாவு விளம்பரம் வந்தால்கூட அழுகிறேன். இன்றோடு 12 நாள். போன வாரம் ஒரு ராத்திரி 'எதுக்கு இருக்கணும்' என்றுகூடத் தோன்றியது. விடிந்ததும் போய்விட்டது. "பைத்திய மாத்திரைக்கு அடிமையாகிட்டே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்கிறார் மாமியார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. நான் அடிமையாகிவிட்டேனா? பழைய நோய் திரும்பிவிட்டதா? மறுபடி போட்டால் ஆயுசுக்கும் விட முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். 'விடிந்ததும் போய்விட்டது' என்று எழுதி நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள், என்னால் தாண்ட முடியவில்லை. இன்றைக்கே உங்கள் கணவரிடம் அதைச் சொல்லுங்கள். பேசாத மனிதர் என்றால் பரவாயில்லை, பதில் எதுவும் சொல்ல வேண்டாம், விஷயம் தெரிந்து பக்கத்தில் இருந்தால் போதும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் அவர் கையில் கொடுத்து வையுங்கள். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தும்போது சிலருக்கு இப்படிப்பட்ட இருட்டு நினைப்பு வருவதுண்டு. எதனால் வந்தது என்று நாம் ஆராய்ந்துகொண்டிருக்கத் தேவையில்லை, டாக்டருக்குத் தெரிய வேண்டும். அது மறுபடி வந்தாலோ, வந்து போகாமல் நின்றாலோ, நேரம் பார்க்காமல் சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999-க்கு அழையுங்கள். பேச ஒரு ஆள் வேண்டுமென்றால் மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண், ஹீல் 15555 இருக்கிறது. அங்கே கிடைக்காவிட்டால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு, 03-76272929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம்.

இனி மாத்திரை விஷயம்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளர். 27 வருடம் மருந்து கொடுக்கும் கவுண்டரில் நின்றவள். 'இதைத் திடீரென்று நிறுத்தாதீங்க' என்று உங்களிடம் யாரும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நானே பல வருடம் சொன்னதில்லை. நம்பர் ஓடிக்கொண்டே இருக்கும், பெஞ்சில் குழந்தைகள் அழும், "காலையில ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, மொத ரெண்டு வாரம் கொஞ்சம் குமட்டும்" என்று பையை நீட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவேன். எப்படித் தொடங்குவது என்று சொன்னேனே தவிர, எப்படி விடுவது என்று சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை. ஒரு நாள் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து கவுண்டரில் கையூன்றி நின்றார். "மிஸ்ஸி, மண்டையில ஷாக் அடிக்குது, ஸ்டியரிங் புடிக்க பயமா இருக்கு" என்றார். லீவுக்குச் சொந்த ஊர் போனவர், மருந்தை எடுத்துப் போக மறந்துவிட்டார். ஒரு வாரம். காது டாக்டர், கழுத்து எக்ஸ்ரே என்று எல்லாம் முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். அன்றிலிருந்து இந்த மருந்தை நான் யாரிடம் கொடுத்தாலும், விடும் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களுக்கு அதைத் தாமதமாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு நடந்தது இதுதான். மூளையில் ஒரு நரம்பு செரட்டோனின் என்ற ரசாயனத்தை விடுகிறது, அடுத்த நரம்பு அதை வாங்கிக்கொள்கிறது, மிச்சத்தை விட்ட நரம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எஸ்சிட்டலோபிராம் அந்த உறிஞ்சும் வாய்களில் பெரும்பகுதியை அடைத்துவிடும். செரட்டோனின் கூடுதல் நேரம் வெளியில் நிற்கும். ஒன்றரை வருடம் இப்படியே போனதில் வாங்கும் நரம்புகளும் அதற்கேற்பத் தங்களைத் தணித்துக்கொண்டன. செம்பனை ஆலைக்குப் பக்கத்து லயத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆலை இரைச்சலில் நன்றாகத் தூங்குவார்கள். ஏதோ கோளாறு என்று ஒரு ராத்திரி ஆலையை நிறுத்தினால், அன்றைக்குத்தான் லயமே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காது கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. பழகியது போய்விட்டது, புதியதற்குப் பழக நாளாகும்.

நான்காம் நாள்தான் ஏன் தொடங்கியது? உடம்பில் இருக்கும் எஸ்சிட்டலோபிராம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். அப்புறம் அதில் பாதி, அதில் பாதி. ஆறேழு நாளில் சொல்லும்படி எதுவும் மிஞ்சாது. முதல் மூன்று நாள் பழைய இருப்பில் ஓடியிருக்கிறீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் இந்தக் கணக்கு வேறு. வென்லாஃபாக்சின் என்று இன்னொரு மன அழுத்த மருந்து, அது பாதியாகச் சுமார் 5 மணி நேரம் போதும். அதைச் சாப்பிடுகிறவர் ஒரு வேளை மறந்தால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். இதே வகையில் ஃபுளோக்செட்டின் நேர் எதிர். அதுவும் உடம்பு அதிலிருந்து செய்துகொள்ளும் பொருளும் வாரக்கணக்கில் தங்குவதால், தானாகவே மெதுவாக இறங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா 'நான் ஒரே நாள்ல விட்டேன், ஒண்ணும் ஆகலியே' என்றால், அவர் சாப்பிட்டது எது என்று கேளுங்கள்.

அந்தக் கரண்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் மக்கள் பயப்படுகிறார்கள். வெளிநாட்டில் 'பிரெய்ன் ஸாப்' என்கிறார்கள், நம் ஆட்கள் எல்லாரும் தவறாமல் கரண்ட் என்றோ ஷாக் என்றோதான் சொல்வார்கள். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் அடிக்கும். கவனித்துப் பாருங்கள், கணினியைப் பார்த்துவிட்டு கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பும்போது வருகிறதா? கழுத்தோடு சேர்த்து மெதுவாகத் திரும்பினால் கொஞ்சம் குறையும். அது வலிப்பு இல்லை, மூளை நரம்பு கருகுவதும் இல்லை, அடங்கிப் போகிற ஒன்றுதான். நினைவு தப்பினாலோ கை கால் வெட்டி இழுத்தாலோ அது வேறு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஒரு கட்டுரை வந்தது. மன அழுத்த மருந்தை நிறுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு. ஆனால் வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் ஆறில் ஒருவர் அதே மாதிரி சொன்னார்கள், பயமேகூடத் தலையைச் சுற்ற வைக்கலாம் என்பதை அது காட்டுகிறது. கடுமையாகப் படுத்தியது ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும், அளவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கும், உங்களைப் போல ஒரே வெட்டாக வெட்டியவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

சரி, அடிமையா? இல்லை. அடிமையானவர் பொருளுக்காக ஏங்குவார், ஒன்று போதாமல் இரண்டு, இரண்டு போதாமல் நாலு என்று போவார், ஒளித்து வைப்பார், பொய் சொல்வார். நீங்கள் ஒன்றரை வருடம் அதே 10 மில்லிகிராமில் இருந்துவிட்டு, விரதம் என்றதும் யோசிக்காமல் தூக்கி வைத்திருக்கிறீர்கள். அதற்காக உடம்பு பழகவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லித்தான் டாக்டர்களும் நாங்களும் ரொம்ப நாள் உங்களைப் போன்றவர்களை ஏமாற்றிவிட்டோம். 'பழக்கம் இல்லை, எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்' என்று கேட்டுவிட்டுப் போனவருக்குத் தலையில் கரண்ட் அடித்தால், தான் பைத்தியமாகிறோம் என்றுதானே நினைப்பார்?

மாமியாருக்குப் பிரஷர் இருக்கிறதா? நம் ஊரில் அந்த வயதில் இல்லாதவர் குறைவு. அட்டெனலால், மெட்டப்ரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், சிலருக்கு நெஞ்சு வலியே வரும். மூட்டு வீக்கத்துக்கு நெடுநாள் பிரெட்னிசலோன் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. யாரும் அவர்களைப் பிரஷர் மாத்திரைக்கு அடிமை என்பதில்லை. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாமல், அவருடைய மருந்துப் பையை எடுத்து அடுக்கிக் கொடுக்கிற ஒரு நாளில் பேச்சுவாக்கில் சொல்லுங்கள்.

அந்தப் 'பைத்திய மாத்திரை' என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பேராக் மாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை எல்லாருமே 'உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்' என்று ஒரு முறையாவது திட்டு வாங்கியிருப்போம். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை வந்ததிலிருந்து பாவம், அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. இப்போது அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றியும் வசவு மாறவில்லை. எங்கள் லயத்தில் ஒரு சித்தப்பா மூன்று மாதம் காணாமல் போனார். 'சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காரு' என்று எங்களுக்குச் சொல்லி வைத்தார்கள். திரும்பி வந்து பழையபடி பால் மரம் வெட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், 70-ஐத் தாண்டித்தான் இறந்தார். சிங்கப்பூரைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த கேள்வி, பழைய நோய் திரும்பிவிட்டதா என்பது. இதில் டாக்டர்களே தடுமாறுவதுண்டு, ஏனென்றால் அழுகை, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் இரண்டிலும் உண்டு. சில தடயங்கள் உதவும். விட்ட சில நாளிலேயே தொடங்கியிருக்கிறது. மனச்சோர்வு திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சாயங்கால வெளிச்சம் குறைவது போல மெல்ல வரும். அடுத்து, கரண்ட், சுற்றல், குமட்டல் இவையெல்லாம் அம்மா தவறிய சமயத்தில் உங்களுக்கு இருந்தனவா? கடிதத்தில் தூக்கம் போனதையும் கணக்கு தப்பியதையும்தான் எழுதியிருக்கிறீர்கள். முன்பு இல்லாத தொந்தரவு என்றால் அது நிறுத்தியதன் விளைவு என்ற பக்கம்தான் தராசு சாய்கிறது. அழுகையிலும் வித்தியாசம் உண்டு. பால் மாவு விளம்பரத்துக்கு வருகிற அழுகை பத்து நிமிடத்தில் நின்று, உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டதா? அப்படியானால் அது துக்கத்தின் அழுகை இல்லை. கடைசித் தடயம், மருந்தைத் திரும்பத் தொடங்கினால் இது சில நாளிலேயே தணிந்துவிடும். மனச்சோர்வு அவ்வளவு வேகமாக விலகாது, அதற்கு வாரங்கள் பிடிக்கும்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். மருந்தை நிறுத்தினால் சளிக் காய்ச்சல் மாதிரி உடம்பு வலிக்கலாம், வியர்க்கலாம், ஆனால் உடம்பு அனலாகக் கொதிக்காது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் காட்டினால் மாத்திரை மேல் பழி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்க வேண்டாம். நம் பக்கத்தில் முதலில் டிங்கி இல்லை என்று ரத்தம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். குமட்டலும் சுற்றலும் வேறு காரணத்தாலும் வரும். 41 வயதில் மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். விரதத்தில் ஒரு வேளை சாப்பாடு என்றால் ரத்தச் சோகையையும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த அப்பாயிண்ட்மென்ட் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நாளைக் காலையே கிளினிக் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். பக்கத்து பார்மசியில் நேராக வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பி பிரிவு மருந்து. கிராணி வேலை பார்க்கும் உங்களுக்கு நான் மலாய் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் வார்த்தை போய்விடுகிறது, 'தலைவலி' என்று மட்டும் சொல்லிவிட்டு பாராசிட்டமோலோடு திரும்பி வருகிறோம். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: "சாயா டா பெர்ஹெந்தி மாக்கான் ஊபாட் இனி, டெக்காட் டுவா மிங்கு. கெப்பாலா மாச்சாம் கெனா கரான்." (இந்த மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் ஆகப் போகிறது, தலையில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது.) மருந்து அட்டையையும் கையோடு காட்டுங்கள். அந்த ராத்திரியைப் பற்றியும் அதே தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

டாக்டர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார். தொந்தரவு தாங்கக்கூடியதாக, குறைந்துகொண்டே வருகிறது என்றால், இன்னும் ஓரிரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். பலருக்கு அதற்குள் அடங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அந்தப் பொறுத்திருக்கும் வழி பிடிக்கவில்லை. 12 நாள் ஆகியும் குறைந்ததாக நீங்கள் எழுதவில்லை, அந்த ராத்திரி வேறு இருக்கிறது. திரும்பத் தொடங்கி, நிலைப்பட்ட பிறகு மெல்ல இறங்குவதுதான் சரி என்று டாக்டர் சொன்னால், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். விட்ட நாட்களுக்கு ஈடாக இரண்டு மூன்று மாத்திரையைச் சேர்த்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

ஆயுசுக்கும் விட முடியாதா என்று கேட்டீர்கள். விடலாம், வேகம்தான் தப்பாகிவிட்டது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கணக்கு எழுதுகிறவர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். எஸ்சிட்டலோபிராமின் அண்ணன் சிட்டலோபிராம். மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் அந்த உறிஞ்சும் வாய்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அடைக்கிறது. பாதிக்கும் கீழே, 9 மில்லிகிராமுக்கு இறக்கினாலும் 70 விழுக்காடு அடைபட்டே இருக்கிறது. 3 மில்லிகிராம் சொச்சத்தில்கூட 50. உங்கள் 10 மில்லிகிராம் ஏறக்குறைய அந்த 20-க்குச் சமம். அப்படியென்றால் 10-லிருந்து 5-க்கு வரும்போது மூளைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 5-லிருந்து சைபருக்குத் தாவும்போது மிச்சம் 70-ம் ஒரே அடியாக விழுகிறது. 'பாதி பண்ணேன், நல்லாத்தான் இருந்துச்சு, முழுசா விட்டதும் போட்டுத் தாக்கிடுச்சு' என்று கவுண்டரில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! 2019-இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் கணக்கை வைத்து எழுதிய பிறகுதான் எனக்கே அது உறைத்தது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்குக் காய்கறி லாரி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், சின்ன கியரில் உறுமிக்கொண்டே வரும், அடிவாரம் தெரிந்ததும் வேகமெடுக்கும். இந்த மலை அப்படி இல்லை. அடிவாரம் நெருங்க நெருங்க இன்னும் சின்ன கியர் போட வேண்டிய மலை இது.

அதனால் டாக்டரோடு பேசும்போது கேளுங்கள்: 10-லிருந்து 5, அங்கே சில வாரம், தொந்தரவு இல்லையென்றால் 2.5, அங்கே இன்னும் சில வாரம், அதற்கும் கீழே கொஞ்சம் கொஞ்சமாக. பிரிட்டனில் 2022-இல் வந்த வழிகாட்டியும், இருக்கும் அளவில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டே போகும் இந்த முறையைத்தான் சொல்கிறது. ஒரு படியில் கரண்ட் மறுபடி அடித்தால் முந்தைய படிக்கு ஏறி அங்கே நிற்கலாம், அவசரமில்லை. 10 மில்லிகிராம் மாத்திரையில் நடுவில் கோடு இருந்தால் இரண்டாக உடைக்கலாம். கால் பங்குக்கு பார்மசியில் மாத்திரை வெட்டும் டப்பா சில வெள்ளிக்குக் கிடைக்கும், காய் நறுக்கும் கத்தி வேண்டாம். அதற்கும் சிறிய அளவு வேண்டுமென்றால் கிளினிக் மருந்தாளரிடம் கேளுங்கள், என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலைதான். வேறு மருந்து சாப்பிடும் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், வென்லாஃபாக்சின், டுலோக்செட்டின் கூட்டுக் குளிகைகளை (கேப்சூல்களை) நீங்களாக உடைத்து நசுக்காதீர்கள், முதலாவது மெதுவாகக் கரையும்படியும், இரண்டாவது வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரையும்படியும் செய்தவை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டுக் குறைப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. 30 மணி நேரக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இன்று மேலே, நாளை முடிவதற்குள் பாதிக்கும் கீழே, மறுநாள் மேலே. இரண்டு நாளுக்கு ஒரு முறை இறக்கிவிட்டு ஏற்றுகிற வேலை அது. தினமும் ஒரே நேரத்தில், குறைந்த அளவு, அதுதான் நல்லது.

முழுதாக விட வேண்டுமா என்பது தனிக் கேள்வி, அதையும் டாக்டரிடம் திறந்து பேசுங்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். பிரிட்டனில் நெடுநாள் சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2021-இல் வந்தது. ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு, மெல்ல நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு. இதை இரண்டு பக்கமும் படிக்கலாம். விட்டவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கும் மேல் நன்றாகவே இருந்தார்கள். சாப்பிட்டும் சிலருக்குத் திரும்பியது. அம்மாவின் திதி, பிள்ளைகளின் பரீட்சை, தோட்டத்தில் வருடக் கடைசிக் கணக்கு, இந்த மாதிரி நாட்களை ஒட்டி இறங்கத் தொடங்காமல் இருப்பது மட்டும் என் அனுபவப் புத்தி.

இடைப்பட்ட நாட்களுக்குச் சில சின்ன விஷயங்கள். சுற்றல் நிற்கும்வரை செம்மண் ரோட்டில் மோட்டார் ஓட்ட வேண்டாம், யாராவது ஏற்றிப் போகட்டும். கேட்டால் டாக்டர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) தருவார், வெட்கப்படாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் கோப்பி, தே தாரிக் வேண்டாம். கனவுகள் உங்களை மிரட்டினாலும் அவற்றுக்குச் சகுனம் பார்க்க வேண்டாம். மருந்து அடக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் இப்போது பிய்த்துக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். தூக்கத்துக்கு என்று பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குமட்டலுக்கு இஞ்சி தட்டிப் போட்ட தே ஓ (பால் இல்லாத தேநீர்) போதும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'நரம்புத் தளர்ச்சி போக்கும்' என்று விற்கிற பாட்டிலில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் தொடாதீர்கள். மருந்தை மறுபடி தொடங்கிய பிறகு இருமலுக்கோ வலிக்கோ எது வாங்கினாலும் எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுவதைச் சொல்லி வாங்குங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் வலி மாத்திரையும் இதோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறிப் போகலாம்.

விரதத்தைப் பற்றி நான் சொல்லத் தகுதியில்லாதவள், இருந்தாலும் சொல்கிறேன். நீரிழிவு மாத்திரையை விரதத்துக்காக யாரும் நிறுத்துவதில்லை. சுத்த சைவம், ஒரு வேளை உணவு, தரையில் படுக்கை, இதெல்லாம் நீங்கள் முருகனுக்குக் கொடுப்பது. மருந்தை அவன் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உறுத்தலாக இருந்தால் உங்கள் கோயில் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டோடு மாத்திரையையும் வைத்துக்கொண்டால் குமட்டலும் குறையும்.

48-இல் 12 போனால் இன்னும் 36 நாள் இருக்கிறது. அதற்குள் தலை பெரும்பாலும் நிலைக்கு வந்துவிடும். கல்லுமலை முருகன் கோயிலுக்கோ எங்கேயோ, பால்குடத்தோடு நடக்கும் அன்று லேசாகச் சுற்றல் மிச்சமிருந்தால், கணவரைப் பக்கத்திலேயே நடந்து வரச் சொல்லுங்கள். பேசாத மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.